ஜரிகையை விசாரிக்கிறோம், சிமென்ட்டை ஏன் விசாரிப்பதில்லை?

ஆரணியில் பட்டுப்புடவை வாங்கப் போகிறவர்கள் லேசில் விடமாட்டார்கள். "பட்டு பியூர்தானா? ஜரிகை ஒரிஜினலா, டெஸ்டடா? கைத்தறியா, பவர்லூமா?" என்று கேள்வி மேல் கேள்வி வரும். மத்தியப் பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' லேபிள் 2004 முதல் இருக்கிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. புடவைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, கேட்கும் பழக்கமும் நமக்கு இருக்கிறது.

அதே குடும்பம் வீடு கட்டும்போது சிமென்ட்டுக்காக லட்சக்கணக்கில் செலவு செய்யும். அப்போது என்ன கேட்கிறோம்? "மூட்டை என்ன ரேட்? லோடு எப்போ வரும்?" கொஞ்சம் விவரமானவர்கள் பிராண்டு பெயரைச் சொல்வார்கள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு.

கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. அந்த மூட்டையில் 'க்ளிங்கர்' என்ற பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான், உங்கள் வீட்டுக்காகக் காற்றில் எவ்வளவு கார்பன் கலந்தது என்பது முடிவாகிறது. அந்தக் கணக்கை மூட்டை மேலேயே அச்சிட வைக்க வேண்டும். அதை முதலில் செய்ய வேண்டியது தமிழ்நாடு அரசு.

சிமென்ட்டுக்கும் கார்பனுக்கும் என்ன சம்பந்தம்?

உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. விமானப் போக்குவரத்தின் பங்கு சுமார் இரண்டரை சதவீதம்தான். ஆனால், விமானத்தில் போகும்போது வரும் குற்ற உணர்ச்சி, தளம் போடும்போது யாருக்கும் வருவதில்லை. காரணம், சிமென்ட்டின் கார்பன் நம் கண்ணில் படுவதில்லை. நமக்கு வந்து சேர்வது சாம்பல் நிற மூட்டை மட்டும்தான்.

சரி, ஆலைக்குள் என்ன நடக்கிறது? சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, நீளமான உருளை உலையில் போட்டு, சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். வெளியே வருவது கோலிக்குண்டு அளவிலான கருஞ்சாம்பல் உருண்டைகள். அதுதான் க்ளிங்கர். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் சாதாரண சிமென்ட் ரெடி.

இவ்வளவு சூட்டுக்கு நிலக்கரியும் பெட்ரோலியம் கோக்கும் எரிக்கிறார்கள். 'அப்போ உலையை சோலாரில் ஓட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடுமே' என்று தோன்றும். தீராது. ஏனென்றால் கார்பனின் பெரும்பகுதி எரிபொருளிலிருந்து வரவில்லை, கல்லிலிருந்தே வருகிறது.

சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். சூடாக்கும்போது அது இரண்டாகப் பிரியும். ஒரு பாதி சுட்ட சுண்ணாம்பு, இன்னொரு பாதி கார்பன் டை ஆக்சைடு. நம் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாயில் காலங்காலமாக நடந்தது இதேதான். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ வாயுவாகப் போய்விடும். எந்த எரிபொருளில் சுட்டாலும் இந்த 44 குறையாது.

ஒரு டன் க்ளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டும் அரை டன்னுக்குச் சற்று அதிகமாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. எரிபொருளையும் சேர்த்தால் 800 கிலோவைத் தாண்டும். காற்றாலை மின்சாரம், சோலார் எல்லாம் நல்லதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஆலையின் கூரை முழுக்க சோலார் பேனல் மாட்டிய விளம்பரப் படத்தைப் பார்த்து 'பசுமை சிமென்ட்' என்று நம்பிவிட வேண்டாம். உண்மையான கேள்வி, அந்த மூட்டையில் க்ளிங்கர் எவ்வளவு என்பது.

அரியலூரில் தோண்டுகிறார்கள், ஆரணியில் கட்டுகிறோம்

தமிழ்நாட்டில் சிமென்ட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அரியலூர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில், அங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் உயிரினங்களின் ஓடுகள் படிந்து இறுகியதுதான் இன்றைய சுண்ணாம்புக்கல். அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரினத்தின் புதைபடிவங்கள் இன்றும் அங்கே கிடைக்கின்றன. வாரணவாசியில் அதற்காகவே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

அதாவது, அந்தக் கடலின் சிப்பிகளும் நத்தைகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தம் ஓட்டுக்குள் பூட்டி வைத்த கார்பனை நாம் உலையில் போட்டுச் சில நிமிடங்களில் திறந்துவிடுகிறோம். அரசு நிறுவனமான டான்செம், ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு எனப் பல நிறுவனங்களின் ஆலைகள் அந்த ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. ஒரு டன் க்ளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். சுரங்கப் பள்ளம், புழுதி, லாரிப் போக்குவரத்து எல்லாம் அந்த மக்களின் தலையில். அங்கிருந்து ஆரணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். கடையில் மூட்டையை இறக்கும்போது அந்தப் பள்ளம் நம் கண்ணில் படுவதில்லை.

சிமென்ட்டை வைத்துத் தமிழ்நாட்டில் பெரிய போராட்டமே நடந்திருக்கிறது. 1953 ஜூலை 15-ம் தேதி, 'டால்மியாபுரம்' என்ற பெயரை 'கல்லக்குடி' என்று மாற்றக் கோரி, கருணாநிதி தலைமையில் தி.மு.க.வினர் ரயில் மறியல் செய்தார்கள். ஆலையின் பெயர் ஊரின் பெயரை விழுங்கக் கூடாது என்பது அந்தக் காலத்துக் கேள்வி. அந்த ஆலை காற்றில் எதை விடுகிறது என்பது நம் காலத்துக் கேள்வி. இதை இன்னும் யாரும் அந்த அளவுக்குச் சத்தமாகக் கேட்கவில்லை.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

கடையில் கிடைக்கும் சிமென்ட்டை மூன்று வகையாகப் புரிந்துகொண்டால் போதும்.

முதலாவது ஓ.பி.சி., அதாவது சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட். ஏறக்குறைய 95 சதவீதம் க்ளிங்கர். மூட்டையில் ஐ.எஸ். 269 என்ற தர எண் இருக்கும். '43 கிரேடு', '53 கிரேடு' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இரண்டாவது பி.பி.சி. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்த பிறகு மிஞ்சும் ஃப்ளை ஆஷ், அதாவது உலர் சாம்பலை, 15 முதல் 35 சதவீதம் வரை கலந்தது. தர எண் ஐ.எஸ். 1489. எவ்வளவு சதவீதம் ஃப்ளை ஆஷ் என்பதைப் பல மூட்டைகளில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். மேட்டூர், வட சென்னை, தூத்துக்குடி, நெய்வேலி என்று அனல்மின் நிலையங்கள் உள்ள மாநிலம் நம்முடையது. சாம்பலுக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது பி.எஸ்.சி. இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடான 'ஸ்லாக்' கலந்தது. தர எண் ஐ.எஸ். 455. இதில் ஸ்லாக்கின் பங்கு பாதிக்கு மேலேகூடப் போகலாம்.

சாம்பல், கசடு என்றதும் 'கலப்படமா?' என்று பயப்பட வேண்டாம். இது கலப்படம் இல்லை, கலப்பு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு அளவு நிர்ணயித்து அனுமதித்தது. சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது உண்டாகும் சுண்ணாம்போடு இந்தச் சாம்பல் வினைபுரிந்து, கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கிறது. பலம் மெதுவாக ஏறும், ஆனால் ஏறும். தண்ணீரும் உப்பும் உள்ளே இறங்குவது குறையும். இந்தியாவில் இன்று விற்பனையாகும் சிமென்ட்டில் பெரும்பங்கு ஏற்கெனவே கலப்பு சிமென்ட்தான். எதுவுமே தெரியாமல் நம்மில் பலர் அதில் கட்டிய வீட்டில்தான் இருக்கிறோம்.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு வித்தியாசம்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீடு கட்டுபவர்கள் சொல்லும் உத்தேசக் கணக்கு, சதுர அடிக்கு 0.4 மூட்டை. 1,000 சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை. ஒரு மூட்டை ஓ.பி.சி. தோராயமாக 40 கிலோ கார்பன் டை ஆக்சைடைச் சுமந்து வருகிறது. சாம்பல் நன்றாகக் கலந்த பி.பி.சி. என்றால் தோராயமாக 28 கிலோ. மூட்டைக்கு 12 கிலோ வித்தியாசம்.

400 மூட்டைக்கு 4,800 கிலோ. அதாவது கிட்டத்தட்ட 5 டன்.

5 டன் என்றால் எவ்வளவு என்று புரிய ஒரு ஒப்பீடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக்கை நீங்கள் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டினால்தான் இந்த அளவு வரும். பல பேர் ஒரு பைக்கில் அவ்வளவு தூரம் ஓட்டவே மாட்டோம். ஒரு வீட்டுக்கு எந்த மூட்டை என்று முடிவெடுக்கும் ஐந்து நிமிடப் பேச்சில் அவ்வளவு கார்பன் கூடவோ குறையவோ போகிறது.

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமா என்று யோசிக்கும் தலைமுறை நாம். ஆனால் வீட்டுக்கு லோன் போடும்போது சிமென்ட் விஷயத்தை எஞ்சினியரிடம் விட்டுவிடுகிறோம். அவர் மேஸ்திரியிடம் விட்டுவிடுகிறார்.

அப்புறம் ஏன் ஓ.பி.சி. கேட்கிறார்கள்?

இதற்கு நேரம்தான் காரணம். ஓ.பி.சி. சீக்கிரம் இறுகும். சென்ட்ரிங் பலகையைச் சீக்கிரம் பிரிக்கலாம், வாடகை மிச்சம், அடுத்த வேலைக்குப் போகலாம். பாலம், முன்வார்ப்பு, அவசர வேலை போன்றவற்றுக்கு அது நியாயமான தேவைதான். ஆனால் சாதாரண வீட்டுச் சுவரின் பூச்சு வேலைக்கும் செங்கல் கட்டுக்கும் 53 கிரேடு ஓ.பி.சி. கேட்பதில் அர்த்தமே இல்லை. செங்கல்லுக்கு நடுவே போகும் கலவைக்கு அவ்வளவு பலம் தேவையில்லை. '53 பெரிய நம்பர், அப்போ நல்ல சிமென்ட்' என்று ஒரு மயக்கம் நமக்கு. போன் வாங்கும்போது மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து ஏமாறுவோமே, அதே கதை.

மேஸ்திரிகள் சொல்லும் ஒரு குறை உண்மையானது. பி.பி.சி. போட்டால் தண்ணீர் அதிக நாள் விட வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும். சூடும் வறட்சியும் அதிகமான காலத்தில் இன்னும் கூட்ட வேண்டும். சித்திரை வெயிலில் தளம் போட்டுவிட்டு நாலாம் நாள் தண்ணீர் விடுவதை நிறுத்தினால், விரிசல் வரும். அப்புறம் பழி சிமென்ட் மேல் விழும். கூடுதலாக மூன்று நாள் தண்ணீர் விடப் பொறுமை இல்லாததால்தான் பல இடங்களில் கூடுதல் க்ளிங்கரை எரிக்கிறோம். பெரும்பாலும் பி.பி.சி. விலை ஓ.பி.சி.யைவிடச் சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சாம்பல் எப்போதும் கிடைக்குமா?

இங்கே ஒரு சிக்கல் உண்டு, மறைக்கக் கூடாது. ஃப்ளை ஆஷ் வேண்டுமென்றால் நிலக்கரி எரிய வேண்டும். அனல்மின் நிலையங்களைக் குறைப்பதுதான் நம் இலக்கு என்றால், ஒரு நாள் சாம்பலும் குறையும். ஒரு புகையைக் குறைக்க இன்னொரு புகையை நம்பி இருப்பது நீண்ட காலத்துக்குச் சரிவராது.

அதற்கு அடுத்த வழி களிமண்ணில் இருக்கிறது. 'எல்.சி.3' என்று ஒரு சிமென்ட். பாதி க்ளிங்கர், சுமார் 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல் தூள், மீதி ஜிப்சம். களிமண்ணை 700 முதல் 850 டிகிரி வரை சுட்டால் போதும், 1,450 தேவையில்லை. சுடும்போது களிமண்ணிலிருந்து வெளியேறுவது நீராவிதான். பீங்கானுக்குத் தேறாத மட்டமான களிமண்ணும் இதற்கு ஆகும். ஓ.பி.சி.யோடு ஒப்பிட்டால் கார்பன் 30 முதல் 40 சதவீதம் வரை குறைகிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனமும் கியூபாவின் பல்கலைக்கழகமும் தொடங்கிய இந்த ஆராய்ச்சியில் சென்னை ஐ.ஐ.டி., டெல்லி ஐ.ஐ.டி., மும்பை ஐ.ஐ.டி. மூன்றும் பங்கெடுத்திருக்கின்றன. 2023-ல் இதற்கு இந்தியத் தர எண்ணும் வந்துவிட்டது: ஐ.எஸ். 18189. சென்னையில் ஆராய்ந்த சிமென்ட், ஆரணிக் கடையில் கேட்டால் சாதாரணமாகக் கிடைக்கும் நிலை இன்னும் வரவில்லை. யாரும் கேட்பதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஆரணிக்கே உரிய ஒரு பொருளும் இருக்கிறது. பட்டுக்கு அடுத்து இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது அரிசி. ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் பாய்லருக்கு உமியைத்தான் எரிக்கிறார்கள். 100 கிலோ நெல்லுக்குச் சுமார் 20 கிலோ உமி, அதை எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. சரியான சூட்டில் எரித்து நன்றாக அரைத்தால், சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக அதைப் போடலாம். ஐ.எஸ். 456 தரவிதியே உமிச் சாம்பலைக் கான்கிரீட்டில் சேர்க்கக்கூடிய பொருள்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

உடனே மில்லுக்குப் போய்ச் சாம்பலை அள்ளிக் கலவையில் கொட்டிவிடாதீர்கள். சூடு அதிகமானால் சிலிக்கா படிகமாகி வினைபுரியும் தன்மையை இழந்துவிடும். சரியாக எரியாவிட்டால் சாம்பலில் கரி தங்கி, கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். மில்லுக்கு மில் தரம் மாறும். சோதித்துப் பார்த்துத்தான் பயன்படுத்த முடியும். ஆரணியிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. இந்த ஊர் மில்களின் சாம்பலை எடுத்துச் சோதித்து, எது தேறும், எது தேறாது என்று ஒரு பட்டியல் போடுவது இறுதியாண்டு மாணவர்களுக்கு அருமையான புராஜெக்ட்.

கார்பனைப் பிடித்துப் புதைக்க முடியாதா?

முடியும், நார்வேயில் செய்கிறார்கள். பிரெவிக் என்ற ஊரில் ஹைடெல்பெர்க் மெட்டீரியல்ஸ் நிறுவனத்தின் சிமென்ட் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் அமைப்பு 2025 ஜூனில் திறக்கப்பட்டது. பிடித்ததைக் கப்பலில் ஏற்றிக் கடலுக்கு அடியில் புதைக்கிறார்கள். இது அந்த ஆலையின் வெளியேற்றத்தில் ஏறக்குறைய பாதிதான். அதற்கே நார்வே அரசு பெரும் பணத்தைக் கொட்டியிருக்கிறது.

நம் ஊரிலும் முயற்சி உண்டு. 2040-க்குள் தான் வெளியிடுவதைவிட அதிகக் கார்பனை உறிஞ்சும் நிறுவனமாவோம் என்று டால்மியா சிமென்ட் அறிவித்திருக்கிறது. அரியலூர் ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் திட்டத்தை 2019-ல் அறிவித்தது. இவை தேவைதான். கல்லிலிருந்து வரும் கார்பனை முழுசாக நிறுத்தக் கடைசியில் இந்தத் தொழில்நுட்பம் வேண்டியிருக்கும். ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இன்று கடையில் இருக்கும் பொருளை வைத்தே கால் பங்குக்கு மேல் குறைக்க முடிகிறது.

அப்போ ஏழைகள் கான்கிரீட் வீடு கட்டக் கூடாதா?

தாராளமாகக் கட்டலாம், கட்ட வேண்டும். குடிசையில் தீ விபத்தையும் புயலையும் மழையையும் பார்த்தவர்களிடம் போய் 'மண் வீடுதான் இயற்கையானது' என்று பாடம் எடுக்க நமக்கு எந்தத் தகுதியும் இல்லை. இந்தியர் ஒருவரின் சிமென்ட் பயன்பாடு உலக சராசரியைவிடக் குறைவு. நமக்கு இன்னும் வீடு வேண்டும், பள்ளி வேண்டும், மருத்துவமனை வேண்டும். எனவே 'சிமென்ட்டே வேண்டாம்' என்பதை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் குறைந்த க்ளிங்கர் போதும் என்றால், கூடுதலாக எதற்கு?

இதில் நெசவாளர்களுக்கு இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. ஆரணியில் கைத்தறி நெசவு நடப்பது பெரும்பாலும் வீட்டுக்குள். தூங்கும் வீடும் தொழில் செய்யும் இடமும் ஒன்றுதான். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தால் பொழுதெல்லாம் அந்தக் கூரைக்குக் கீழேதான். மண் தரையில் தோண்டிய குழியின் ஈரம் பாவுக்கு நல்லது. காற்று வறண்டால் இழை அறும். மேலே வெறும் கான்கிரீட் தளம் மட்டும் இருந்தால், பகல் முழுக்க வாங்கிய வெயிலை ராத்திரி வரை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். வட மாவட்டங்களின் கத்திரி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கார்பன் கூடக் கூட வெயில் கூடும். அதை ஏ.சி. அறையில் இருப்பவர் உணர்வதற்கு முன் தறியில் இருப்பவர் உணர்வார்.

தளத்தில் கான்கிரீட்டையும் குறைத்து, சூட்டையும் குறைக்க வழி இருக்கிறது. தளத்தின் கீழ்ப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே ஓடுகளை வைத்துக் கான்கிரீட் போடும் 'ஃபில்லர் ஸ்லாப்' முறையைக் கேரளத்தில் லாரி பேக்கர் பரவலாக்கினார். ஓடு இருக்கும் இடத்தில் கான்கிரீட் மிச்சம், உள்ளே தங்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். ஆரோவில் மண் கட்டட நிறுவனம் 5 சதவீத சிமென்ட் மட்டும் சேர்த்து, சூளையே இல்லாமல் அழுத்திச் செய்யும் மண் கற்களைப் பல ஆண்டுகளாகப் பயிற்றுவிக்கிறது. ஆரணியிலிருந்து அது அப்படியொன்றும் தூரமில்லை. இவற்றைத் தெரிந்த எஞ்சினியரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அரசு என்ன செய்யலாம்?

தனிமனிதர்கள் மாறினால் போதும் என்று சொல்லி அரசைத் தப்பவிடக் கூடாது. இந்த விஷயத்தில் தமிழ்நாடு அரசு மூன்று வேடத்தில் இருக்கிறது.

அது உற்பத்தியாளர். டான்செம் நிறுவனம் 'அரசு', 'வலிமை' என்ற பெயர்களில் சிமென்ட் விற்கிறது. ஃபேனிலும் ஃப்ரிட்ஜிலும் நட்சத்திர லேபிளைப் பார்த்து வாங்கப் பழகிவிட்டோம். அதேபோல 'இந்த மூட்டையில் க்ளிங்கர் இவ்வளவு சதவீதம், கார்பன் இவ்வளவு கிலோ' என்று ஒரு வரி அச்சிடுவதற்கு டான்செம்முக்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை. அரசு மூட்டையில் அந்த வரி வந்துவிட்டால், பக்கத்தில் அடுக்கியிருக்கும் தனியார் மூட்டையைப் பார்த்து 'உன்னுடையது எவ்வளவு?' என்று வாடிக்கையாளரே கேட்பார்.

அது வாங்குபவரும்கூட. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. ஒவ்வொன்றும் 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். மேலே சொன்ன உத்தேசக் கணக்கையே இங்கேயும் போட்டால் வீட்டுக்கு 144 மூட்டை. எட்டு லட்சம் வீட்டுக்கு 11 கோடிக்கு மேல். எல்லாமே ஓ.பி.சி.யில் கட்டுவதற்கும் எல்லாமே பி.பி.சி.யில் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் சுமார் 14 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு. இந்த வீடுகளுக்கும் பொதுப்பணித் துறைக் கட்டடங்களுக்கும், தேவை நிரூபிக்கப்பட்டால் ஒழிய ஓ.பி.சி. கூடாது என்று ஒரு விதி போதும். எல்.சி.3 சிமென்ட்டுக்கு ஒரு பங்கை ஒதுக்கினால், ஆலைகள் அதைத் தயாரிக்கத் தாமாக முன்வரும். எட்டு லட்சம் வீடு என்பது எந்த நிறுவனமும் விட்டுவிட விரும்பாத ஆர்டர்.

மூன்றாவதாக, ஜி.எஸ்.டி. கவுன்சிலில் அதற்கு ஓர் இருக்கை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வீடு கட்டுபவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் 95 சதவீதம் க்ளிங்கர் உள்ள மூட்டைக்கும் 50 சதவீதம் உள்ள மூட்டைக்கும் ஒரே வரி. குறைந்த க்ளிங்கர் சிமென்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் சலுகை கொடுத்திருந்தால், கடைக்காரரே அதைச் சிபாரிசு செய்திருப்பார். அடுத்த முறை வரி பற்றிப் பேசும்போது தமிழ்நாடு இதைக் கேட்க வேண்டும்.

மத்திய அரசு 2025 அக்டோபரில் சிமென்ட் உள்ளிட்ட நான்கு துறைகளின் ஆலைகளுக்குக் கார்பன் அடர்த்தி இலக்குகளை அறிவித்தது. ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு வெளியிடலாம் என்ற அளவு அது. ஆலைகள் இனி அந்தக் கணக்கை அரசிடம் கொடுத்தாக வேண்டும். அரசிடம் கொடுக்கும் கணக்கைக் காசு கொடுத்து வாங்குபவரிடமும் காட்டுவதில் என்ன தயக்கம்?

நீங்கள் வீடு கட்டப் போகிறீர்களா?

அப்படியென்றால் இந்த நாலு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூட்டையில் உள்ள ஐ.எஸ். எண்ணைப் பாருங்கள்: 269 என்றால் ஓ.பி.சி., 1489 என்றால் பி.பி.சி., 455 என்றால் பி.எஸ்.சி. சுவர்க் கட்டுக்கும் பூச்சுக்கும் கலப்பு சிமென்ட் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தளத்துக்கு எது என்பதை எஞ்சினியரிடம் கேளுங்கள், ஓ.பி.சி. என்றால் காரணத்தையும் கேளுங்கள். பத்து நாள் குறையாமல் தண்ணீர் விடுவதையும், சென்ட்ரிங் பிரிக்கும் நாளையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, கடைக்காரரிடம் "எல்.சி.3 இருக்கா?" என்று கேளுங்கள். "அப்படின்னா என்ன?" என்றுதான் அநேகமாகப் பதில் வரும். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் டீலரிடம் கேட்பார். டீலர் கம்பெனியிடம் கேட்பார். டெஸ்டட் ஜரிகை பற்றிய பேச்சும் ஒரு நாள் யாரோ ஒரு வாடிக்கையாளர் கேட்டதிலிருந்துதானே தொடங்கியிருக்கும்!